சிலிக்கான்-ஜெர்மேனியத்தில் அதிவேகச் சிப் வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனலாக் அடிப்படை தெரிந்து, சிமாஸில் கொஞ்சம் கை பழகி, முதன்முறையாகச் சிலிக்கான்-ஜெர்மேனியம் பக்கம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளுக்கு ஒரே பிராசஸை (சிப் தயாரிக்கும் முறை) பிடித்துக்கொள்கிறேன்: ஜெர்மனியின் ஐஎச்பி ஆய்வு நிறுவனத்தின் 130 நேனோமீட்டர் பைசிமாஸ் (பைபோலார், சிமாஸ் இரண்டு வகை ட்ரான்சிஸ்டரும் ஒரே சிப்பில்), எஸ்ஜி13ஜி2. ஐஎச்பி இருப்பது வங்கிகளுக்குப் பேர்போன ஃபிராங்க்ஃபர்ட்டில் அல்ல. போலந்து எல்லையில், ஓடர் ஆற்றங்கரையில் இருக்கும் இன்னொரு ஃபிராங்க்ஃபர்ட்டில். இந்தப் பிராசஸை எடுத்ததற்குக் காரணம், இதன் பிடிகே-யை (வடிவமைக்கத் தேவையான மாடல்களும் விதிகளும் அடங்கிய தொகுப்பு) யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம்.

ஜெர்மேனியத்தைக் கலப்பதால் அப்படி என்ன லாபம்?

சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான்வோல்ட், ஜெர்மேனியத்தினுடையது 0.66. பைபோலார் ட்ரான்சிஸ்டரின் பேஸில் ஜெர்மேனியத்தைக் கலந்தால் அங்கே மட்டும் இடைவெளி குறைகிறது. 10% கலந்தால் சுமார் 75 மில்லிஎலக்ட்ரான்வோல்ட் குறையும் என்பது தோராயக் கணக்கு.

இதில் இரண்டு ஆதாயம். ஒன்று, எமிட்டரிலிருந்து பேஸுக்கு எலக்ட்ரான்கள் எளிதாக வருகின்றன, அதனால் பீட்டா (மின்னோட்டப் பெருக்கம்) பல மடங்கு கூடுகிறது. அத்தனை பீட்டா நமக்குத் தேவையில்லை. அந்த உபரியைக் கொடுத்து பேஸில் போரானை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். பேஸ் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். உண்மையான வியாபாரம் இதுதான். இரண்டாவது, ஜெர்மேனிய அளவை எமிட்டர் பக்கம் குறைவாகவும் கலெக்டர் பக்கம் அதிகமாகவும் வைத்தால் பேஸுக்குள் ஒரு மின்புலம் உருவாகிறது. எலக்ட்ரான் பரவிப் பரவிப் போகாமல் சரிவில் உருண்டுவிடுகிறது. 30 நேனோமீட்டர் அகலத்தில் 100 மில்லிஎலக்ட்ரான்வோல்ட் இறங்கினால் அது சென்டிமீட்டருக்கு 30 கிலோவோல்ட்டுக்கும் மேல்.

இது புது யோசனையா?

இல்லை. எமிட்டரின் இடைவெளி பேஸினுடையதைவிட அகலமாக இருக்கலாம் என்பது ஷாக்லியின் 1948 காப்புரிமை விண்ணப்பத்திலேயே உண்டு. அதன் கோட்பாட்டை 1957-ல் முழுசாக எழுதியவர் ஹெர்பர்ட் குரோமர். 2000-ல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர். ஆனால் செய்ய முடியவில்லை. இரண்டு படிகங்களின் அணு இடைவெளிக்கும் சுமார் 4.2% வித்தியாசம். மெல்லிய படலமாக இருக்கும்வரை ஜெர்மேனியக் கலவை இறுகிக்கொண்டு சிலிக்கானோடு ஒட்டிப்போகும். ஓர் எல்லையைத் தாண்டினால் படிகத்தில் அணு வரிசைகள் பிசகி (டிஸ்லொகேஷன்) ட்ரான்சிஸ்டர் கெட்டுப்போகும். அதிக வெப்பத்தில் வளர்த்தாலும் இதே கதிதான்.

ஐபிஎம்மில் பெர்னார்ட் மேயர்சன் 1980-களின் நடுவில், அதிவெற்றிடத்தில் சுமார் 550 டிகிரியிலேயே சுத்தமான படலம் வளர்க்கும் வழியைக் காட்டினார். 1987-ல் அங்கிருந்தே முதல் சிலிக்கான்-ஜெர்மேனிய எச்பிடி (இப்படி வேறு பொருள் கலந்த பேஸ் உள்ள பைபோலார் ட்ரான்சிஸ்டர்) வந்தது. பிறகு பேஸில் 0.2 சதவீதத்துக்கும் குறைவாகக் கார்பன் சேர்த்தால் போரான் நகராமல் நிற்கும் என்று கண்டார்கள். ஐஎச்பியின் பெயர் பெரிதாகப் பேசப்பட்டது இந்தக் கார்பன் வேலையால்தான்.

சிமாஸ் இவ்வளவு வேகமான பிறகும் இது எதற்கு?

நியாயமான கேள்வி. 77 கிகாஹெர்ட்ஸ் கார் ரேடாரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் காலியம் ஆர்சனைடு இருந்தது. 2009-ஐ ஒட்டி இன்ஃபினியனின் சிலிக்கான்-ஜெர்மேனியச் சிப்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 2017 வாக்கில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 45 நேனோமீட்டர் சிமாஸில் முழு ரேடாரையே, பிராசஸரும் சேர்த்து, ஒரே சிப்பில் கொண்டுவந்தது. டிஜிட்டல் நிறைய வேண்டும், லட்சக்கணக்கில் விற்க வேண்டும் என்றால் சிமாஸ் வெல்லும். இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

ஆனால் 130 நேனோமீட்டர் எச்பிடி தரும் வேகத்தைச் சிமாஸில் எட்ட 28 நேனோமீட்டர் பக்கம் போக வேண்டும். மாஸ்க் செலவு எங்கேயோ போய்விடும். அப்புறம், 1 மில்லிஆம்பியரில் எச்பிடி கொடுக்கும் ஜிஎம் (உள்ளீட்டு வோல்டேஜ் மாறினால் மின்னோட்டம் எவ்வளவு மாறும் என்ற அளவு) அறை வெப்பத்தில் சுமார் 39 மில்லிசீமென்ஸ். மாஸ் ட்ரான்சிஸ்டர் அதில் மூன்றில் ஒரு பங்கு தந்தாலே நல்லது. தாழ் அதிர்வெண் ஃபிளிக்கர் இரைச்சலும் எச்பிடியில் மிகக் குறைவு, அதனால் ஆஸிலேட்டரின் ஃபேஸ் இரைச்சல் சுத்தமாக இருக்கும். ஒளியிழை ரிசீவர், லேசர் மாடுலேட்டர் டிரைவர், அளவைக் கருவிகள், 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ரேடார் என்று எங்கெல்லாம் சில நூறு ட்ரான்சிஸ்டர்கள் மட்டும் மிக நன்றாக வேலை செய்ய வேண்டுமோ அங்கெல்லாம் இதற்கு இடம் உண்டு.

எஸ்ஜி13ஜி2-க்கு எஃப்டி 350, எஃப்மேக்ஸ் 450 கிகாஹெர்ட்ஸ் என்கிறார்கள். அப்படியானால் 350 கிகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபையர் கட்டலாமா?

கட்டலாம் என்று காகிதம் சொல்லும். எஃப்டி என்பது மின்னோட்டக் கெயின் ஒன்றாக இறங்கும் இடம். அதில் பேஸ் ரெசிஸ்டன்ஸ் கணக்கிலேயே வராது. எஃப்மேக்ஸ் என்பது பவர் கெயின் ஒன்றாகும் இடம். அதில் பேஸ் ரெசிஸ்டன்ஸும் பேஸ்-கலெக்டர் கெபாசிட்டன்ஸும் வரும். ஆம்ப்ளிஃபையருக்கு எஃப்மேக்ஸைப் பாருங்கள். 100 கிகாஹெர்ட்ஸில் ஒரு நிலைக்குக் கிடைக்கக்கூடிய உச்சக் கெயின் சுமார் 13 டெசிபல். 240-ல் அது ஐந்தரை டெசிபலுக்கு இறங்கிவிடும். அதிலும் நிலைகளை இணைக்கும் மேட்சிங் நெட்வொர்க் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எஃப்மேக்ஸில் பாதி வரை பிழைப்பு நடத்தலாம், அதற்கு மேல் ஒவ்வொரு டெசிபலும் போராட்டம்.

ஐஎச்பியே 2016-ல் ஆய்வுக்கூட அளவில் எஃப்டி 505, எஃப்மேக்ஸ் 720 கிகாஹெர்ட்ஸும், ரிங் ஆஸிலேட்டரில் ஒரு கேட்டுக்கு 1.34 பிகோசெகண்டும் காட்டியது. அந்த எண்களை வைத்து உங்கள் சர்க்யூட்டைத் திட்டமிடாதீர்கள்.

பிரேக்டவுன் 1.6 வோல்ட்தானாம். 3.3 வோல்ட் சப்ளையில் எப்படி வைப்பது?

அந்த 1.6 என்பது பிவிசிஇஓ, அதாவது பேஸைத் தொங்கவிட்டு அளந்த மதிப்பு. நிஜ சர்க்யூட்டில் யாரும் பேஸைத் தொங்கவிடுவதில்லை. பேஸை ஒரு எமிட்டர் ஃபாலோயரோ (வோல்டேஜை ஒரு ஜங்ஷன் இறக்கி அடுத்ததை ஓட்டும் நிலை) சிறிய ரெசிஸ்டரோ பிடித்துக்கொண்டிருந்தால், கலெக்டரில் பெருகும் ஹோல்களுக்கு வெளியே போக வழி இருக்கிறது. அப்போது 1.6-ஐத் தாண்டலாம். ஆனால் பேஸ் மின்னோட்டம் திசை மாறும், பயாஸ் (ட்ரான்சிஸ்டரின் இயக்கப் புள்ளி) நகரும், அதைச் சிமுலேஷனில் பார்த்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். கரன்ட் மிரரில் பெரிய பேஸ் ரெசிஸ்டரைப் போட்டுவிட்டு 2 வோல்ட் கொடுத்தால் அது உங்கள் பொறுப்பு.

சீஎம்எல் லாட்ச் ஒன்றை எண்களோடு காட்ட முடியுமா?

காட்டலாம். சீஎம்எல் என்பது கரன்ட் மோட் லாஜிக், மின்னோட்டத்தை இரு பக்கமும் திருப்பி 0, 1 காட்டும் முறை; லாட்ச் ஒரு பிட்டைப் பிடித்து வைப்பது. அதிவேக டிஜிட்டலின் அடிப்படைச் செங்கல் அதுதான். மேலே டேட்டா வாங்கும் ட்ரான்சிஸ்டர் ஜோடி, கீழே கிளாக் ஜோடி, அதன் அடியில் கரன்ட் சோர்ஸ். உச்ச வேகத்தில் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 0.9 வோல்ட். பழைய பாடப்புத்தகத்து 0.7-ஐ இங்கே மறந்துவிடுங்கள்.

லாட்சின் வெளியீடு சப்ளைக்கும் அதைவிட 0.3 வோல்ட் கீழேயும் ஆடுகிறது. ஒரு எமிட்டர் ஃபாலோயர் வழியாக அது அடுத்த லாட்சின் டேட்டா ஜோடிக்குப் போகிறது: பேஸின் உயர்நிலை சப்ளைக்கு 0.9 கீழே, எமிட்டர் 1.8 கீழே. கிளாக் இரண்டு ஃபாலோயர்கள் இறங்கி வருகிறது: பேஸ் 1.8 கீழே, எமிட்டர் 2.7 கீழே. சப்ளை 3.3 என்றால் கரன்ட் சோர்ஸுக்கு மிச்சம் 0.6 வோல்ட்.

இப்போது சிப்பை மைனஸ் 40 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். டிகிரிக்கு ஒரு மில்லிவோல்ட் என்று வைத்தாலும் மூன்று ஜங்ஷன்களும் சேர்ந்து 0.2 வோல்ட் அதிகம் கேட்கும். 0.6 இப்போது 0.4. எச்பிடியில் செய்த கரன்ட் சோர்ஸுக்கு எமிட்டரில் தொடராக டீஜெனரேஷன் ரெசிஸ்டரும் போட்டிருந்தால் அது திணறும். அறை வெப்பத்தில் ஜோராக ஓடிய, லாட்ச்களால் ஆன அதிர்வெண் டிவைடர் குளிரில் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

பிரேக்டவுனையும் இங்கேயே பார்த்துவிடலாம். டேட்டா ஜோடியில் மின்னோட்டம் ஓடும் ட்ரான்சிஸ்டரின் கலெக்டர் தாழ்நிலையில் இருக்கும், அதனால் அதன் மேல் 1.5 வோல்ட். ஓடாத ட்ரான்சிஸ்டர் மேல் 1.8. எண் பயமுறுத்துகிறது, ஆனால் அதில் மின்னோட்டம் இல்லை, பேஸை ஃபாலோயர் இறுகப் பிடித்திருக்கிறது. பிரச்சினை இல்லை.

ஸ்விங்கை ஏன் 0.3 வோல்ட் என்று வைத்தேன்? டிஃபரன்ஷியல் ஜோடி முழுக்கத் திரும்ப வெப்ப வோல்டேஜின் நான்கு மடங்கு, அதாவது சுமார் 100 மில்லிவோல்ட் போதும். அதற்கு மேல் எமிட்டர் ரெசிஸ்டன்ஸில் விழுவது, சூட்டில் வெப்ப வோல்டேஜ் கூடுவது, இரைச்சலுக்கு இடம். 200 வைத்தாலும் ஓடும். 500 வைப்பது வேகத்தை வீணடிப்பது.

50 ஓம் வெளியீட்டு பஃபருக்கு எவ்வளவு மின்னோட்டம்?

சிப்பில் 50 ஓம், வெளியே கருவியில் 50 ஓம்; இணையாக 25. டிஃபரன்ஷியலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 300 மில்லிவோல்ட் வேண்டுமானால் 12 மில்லிஆம்பியர். எமிட்டர் விரலுக்கு (இணையாகச் சேர்க்கும் பல எமிட்டர் பட்டைகளில் ஒன்று) 1.5 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 8 விரல்கள். பவர் 40 மில்லிவாட், ஒரே ஒரு பஃபருக்கு. இந்த 8 விரல்களை ஓட்ட முந்தைய நிலை, அதை ஓட்ட அதற்கும் முந்தையது என்று பவர் பட்ஜெட்டில் பாதியை பஃபர் சங்கிலியே தின்றுவிடும்.

வேகத்தைக் கணக்கிட எஃப்டியைத் தேடாதீர்கள்; நோடில் இருக்கும் கெபாசிட்டன்ஸைத் தேடுங்கள். 50 ஓமும் 50 ஃபெம்டோஃபேரடும் சேர்ந்தால் 2.5 பிகோசெகண்ட், பேண்ட்விட்த் 64 கிகாஹெர்ட்ஸ். அந்த 50-ல் எவ்வளவு ட்ரான்சிஸ்டருடையது, எவ்வளவு உலோகத்துடையது என்று பிரித்துப் பாருங்கள். லோட் ரெசிஸ்டரோடு தொடராக ஒரு இண்டக்டர் வைத்தால் கோட்பாட்டளவில் 1.7 மடங்கு வரை பேண்ட்விட்த் கூடும். அந்த இண்டக்டருக்குச் சுருள்கூட வேண்டாம், நீண்ட கம்பியே போதும்.

ட்ரான்சிஸ்டரை எந்த மின்னோட்டத்தில் வைப்பது? எஃப்டி உச்சத்திலா?

உச்சத்துக்குச் சற்று முன்னால். சதுர மைக்ரோமீட்டருக்கு 10 மில்லிஆம்பியரைத் தாண்டிய அடர்த்தி இங்கே சாதாரணம். உச்சத்துக்கு அப்பால் கிர்க் விளைவால் பேஸ் கலெக்டருக்குள் நீண்டுவிடும், வேகம் மளமளவென்று சரியும். உச்சத்துக்கு முன்னால் சரிவு மென்மையானது. மின்னோட்டத்தில் கால்வாசியைக் குறைத்தால் வேகத்தில் சொற்பம்தான் போகும்.

எமிட்டர் ஃபாலோயர் போட்டதும் சிமுலேஷனில் மணி அடிக்கிறது (சிக்னல் அதிர்ந்து ஆடுகிறது). ஏன்?

கெபாசிட்டிவ் லோடை ஓட்டும் ஃபாலோயர், தன் உள்ளீட்டில் நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ் காட்டும். எதிரே கம்பியின் இண்டக்டன்ஸ் இருந்தால் ஒரு ஆஸிலேட்டருக்கு வேண்டிய எல்லாம் தயார். பேஸில் 10–20 ஓம் சேருங்கள், ஃபாலோயரை அது ஓட்டும் ஜோடிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், மின்னோட்டத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இரண்டு ஃபாலோயர் தொடராக வந்தால் இன்னும் கவனம். ஸ்கெமாட்டிக்கில் மணி அடிக்கவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். கம்பியைச் சேர்த்த பிறகு பாருங்கள்.

லேஅவுட் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

அதுதான் முக்கியம். ட்ரான்சிஸ்டரின் வேகத்தை ஃபவுண்டரி (சிப் தயாரிக்கும் ஆலை) கொடுத்துவிட்டது. அதைக் கம்பியில் தொலைக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

மெல்லிய கம்பிக்கு மைக்ரோமீட்டருக்கு ஒரு பிகோஹென்றிக்குக் கொஞ்சம் குறைவு என்று வையுங்கள். 50 பிகோஹென்றி 77 கிகாஹெர்ட்ஸில் 24 ஓம். திரையில் ஒன்றுமில்லாததுபோல் தெரியும் 60 மைக்ரோமீட்டர் கம்பி அவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது. ஆக்ஸைடுக்குள் 77 கிகாஹெர்ட்ஸின் கால் அலைநீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 240-ல் 160 மைக்ரோமீட்டர்கூட இல்லை.

அதனால் லேஅவுட்டை ஸ்கெமாட்டிக்கோடு சேர்த்தே தொடங்குங்கள். முதலில் சதுரங்களாக வைத்துப் பாருங்கள்: எந்த ட்ரான்சிஸ்டர் எதன் பக்கத்தில், கம்பி எவ்வளவு நீளம். அந்த நீளத்துக்கான இண்டக்டன்ஸை ஸ்கெமாட்டிக்கில் கையால் போடுங்கள். எஸ்ஜி13ஜி2-ல் ஐந்து மெல்லிய அலுமினிய அடுக்குகளுக்கு மேல் 2 மைக்ரோமீட்டர், 3 மைக்ரோமீட்டர் கனத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. சிக்னல் மேலே, தரை கீழே என்று மைக்ரோஸ்ட்ரிப் போட்டால் இழப்பு மிகுந்த சிலிக்கான் அடித்தளம் மறைந்துவிடும்.

எலக்ட்ரோமைக்ரேஷனை (மின்னோட்டமே கம்பியின் உலோகத்தை நகர்த்தி அரிப்பது) கடைசியில் பார்ப்பவர்கள் நிறைய. மெல்லிய அடுக்கில் மைக்ரோமீட்டர் அகலத்துக்குச் சில மில்லிஆம்பியர்தான் தாங்கும். மேலே சொன்ன 12 மில்லிஆம்பியர் பஃபருக்கு கம்பி அகலமாகும், அடுக்குகளை இணைக்கும் வியாக்கள் கூடும், கெபாசிட்டன்ஸ் ஏறும், 64 கிகாஹெர்ட்ஸ் 50 ஆகும். ஆரம்பத்திலேயே அகலமாக வரைந்துவிடுங்கள்.

இன்னொன்று, ஃபில். உலோக அடர்த்தி விதிக்காக ஃபவுண்டரி தானாகவே வெற்று உலோகத் துண்டுகளை நிரப்பும். இண்டக்டருக்கு அடியிலும் லைனுக்குப் பக்கத்திலும் அவை வந்து உட்கார்ந்தால் நீங்கள் சிமுலேட் செய்தது ஒன்று, வருவது ஒன்று. நோ-ஃபில் அடுக்கை வரையுங்கள். அடர்த்தி விதி இடித்தால் நீங்களே கையால் ஒழுங்காக நிரப்புங்கள்.

லேஅவுட்டிலிருந்து எடுக்கும் ஆர்சி எக்ஸ்ட்ராக்ஷன் போதாதா? எல்லாவற்றுக்கும் இஎம் (மின்காந்த) சிமுலேஷன் வேண்டுமா?

வழக்கமான எக்ஸ்ட்ராக்ஷன் ரெசிஸ்டன்ஸையும் கெபாசிட்டன்ஸையும் தரும், இண்டக்டன்ஸைத் தராது. ட்ரான்சிஸ்டரைச் சுற்றிய சில மைக்ரோமீட்டருக்கு அது போதும். அதற்கு வெளியே நீளும் சிக்னல் கம்பி, இண்டக்டர், பேட் (வெளி இணைப்புக்கான உலோகச் சதுரம்), சப்ளைத் தளம் எல்லாம் இஎம்முக்கு. எல்லைக்கோடு எங்கே என்பதில் கறாராக இருங்கள். ஒரே உலோகத்தை இரண்டு பக்கமும் எண்ணிவிட்டால் கெபாசிட்டன்ஸ் இரட்டிப்பாகும். இரண்டு பக்கமும் விட்டுவிட்டால் அதைவிட மோசம், ரிசல்ட் அழகாக வரும்.

சூடு?

உண்டு. இவ்வளவு சின்ன ட்ரான்சிஸ்டருக்கு வெப்பத் தடை வாட்டுக்குப் பல ஆயிரம் டிகிரி. மில்லிவாட்டுக்குச் சில டிகிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பல விரல்களை நெருக்கி வைத்தால் நடு விரல் அதிகம் சூடாகி, அதிக மின்னோட்டத்தை இழுத்து, இன்னும் சூடாகும். விரலுக்கு விரல் இடைவெளி விடுங்கள். மாடலில் செல்ஃப்-ஹீட்டிங் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்த மாடல், எந்தக் கருவிகள்?

மாடல் என்பது சிமுலேஷனில் ட்ரான்சிஸ்டருக்கு நிற்கும் சமன்பாடுகள். ஐஎச்பியின் திறந்த பிடிகே-யில் எச்பிடிக்கு விபிக் மாடல். தொழிற்துறையில் ஹைகம், மெக்ஸ்ட்ராம் இரண்டும் புழங்குகின்றன. ஹைகமை வளர்த்தெடுத்தது டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலையில் மிஹாயேல் ஷ்ரோட்டரின் குழு. சென்னை ஐஐடியின் அஞ்சன் சக்ரவர்த்தியும் அந்த மாடலிங் வேலையில் பெயர் பெற்றவர். கிர்க் விளைவுக்கு அப்பால் போகும் டிசைன் என்றால் ஹைகமை நம்பலாம்.

கருவிகளில் நிறுவனங்களில் கேடென்ஸ் விர்ச்சுவோசோவும் கீசைட் ஏடிஎஸ்ஸும். காசில்லாமல் தொடங்க எக்ஸ்ஸ்கெம், என்ஜிஸ்பைஸ், கேலேஅவுட், ஓப்பன்ஈஎம்எஸ் போதும். வசதி குறைவு, கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும், ஆனால் வேலை நடக்கும். பிடிகே அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிட்ஹப்பில் இருக்கிறது.

சிப் வந்துவிட்டது. எப்படி அளப்பது?

பாண்ட் வயரை மறந்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் வயர் சுமார் ஒரு நேனோஹென்றி. 60 கிகாஹெர்ட்ஸில் 377 ஓம். வேஃபர் மேலேயே தரை-சிக்னல்-தரை புரோப் வைத்து அளக்க வேண்டும்; 100 மைக்ரோமீட்டர் இடைவெளி வழக்கம். பேடும் சும்மா இருக்காது: 30 ஃபெம்டோஃபேரட் என்றால் 60 கிகாஹெர்ட்ஸில் 88 ஓம், உங்கள் 50 ஓமுக்கு இணையாக. அதைக் கழிக்க, சிப்பின் ஓரத்தில் வெறும் பேட், ஷார்ட் செய்த பேட் இரண்டையும் கட்டாயம் போடுங்கள். இடமில்லை என்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டவிடாதீர்கள்.

குளிரவைத்தால் வேகம் கூடுமாமே?

கூடும். ஐஎச்பியில் செய்த ட்ரான்சிஸ்டரை ஜார்ஜியா டெக்கில் ஜான் கிரெஸ்லரின் குழு 4.3 கெல்வினில் அளந்து, எஃப்மேக்ஸ் 798 கிகாஹெர்ட்ஸ் என்று 2014-ல் அறிவித்தது. குவாண்டம் கணினிகளின் சிக்னலைப் படிக்கும் சர்க்யூட்களுக்கு இது ஆர்வமான விஷயம். உங்கள் முதல் டிசைனுக்கு இது தேவையில்லை.

இண்டியம் பாஸ்ஃபைடு இதைவிட வேகம்தானே?

ஆம், அதில் எஃப்மேக்ஸ் ஒரு டெராஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டது. வேஃபர் சிறிது, விலை அதிகம், பக்கத்தில் சிமாஸ் லாஜிக் கிடையாது. பயாஸைத் திருத்தவும் கெயினை மாற்றவும் நூறு ரெஜிஸ்டர் வேண்டும் என்ற நாளில்தான் பைசிமாஸின் அருமை தெரியும்.

முதல் டிசைனாக என்ன செய்யலாம்?

ஸ்டாடிக் ஃபிரீக்வென்சி டிவைடர். இரண்டு லாட்ச், வெளியீட்டைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்குக் கொண்டுவந்தால் அதிர்வெண் பாதியாகும். சிறியது, இண்டக்டர் தேவையில்லை, ஒரே சர்க்யூட்டில் சீஎம்எல், ஃபாலோயர், பயாஸ், லேஅவுட் எல்லாம் வந்துவிடும். கிளாக்கே கொடுக்காவிட்டாலும் அது தானாக ஓர் அதிர்வெண்ணில் ஆடும். அந்த அதிர்வெண்ணைச் சுற்றி மிகக் குறைந்த உள்ளீட்டு பவரிலேயே அது வகுக்கும், இரண்டு பக்கமும் விலக விலக அதிக பவர் கேட்கும். வரைந்தால் 'வி' வடிவம் வரும். விலையுயர்ந்த சிக்னல் ஜெனரேட்டர் இல்லாத ஆய்வகத்தில்கூட, ஸ்பெக்ட்ரம் அனலைசரை மட்டும் வைத்து அந்தத் தன்னியக்க அதிர்வெண்ணை அளந்து, எக்ஸ்ட்ராக்ஷனோடு ஒப்பிட்டுவிடலாம்.

ஓப்பன் சோர்ஸ் டிசைன்களுக்கு ஐஎச்பி இலவச ஷட்டில்களும் (பலருடைய டிசைன்களை ஒரே வேஃபரில் செய்து தருவது) நடத்தியிருக்கிறது. அடுத்தது எப்போது என்று அவர்கள் வலைப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் மூன்றை மட்டும் சரிபாருங்கள்: மைனஸ் 40-ல் கரன்ட் சோர்ஸுக்கு வோல்டேஜ் மிச்சம் இருக்கிறதா, லூப்பின் இரண்டு பக்கக் கம்பிகளும் ஒரே நீளமா, பேட் வரிசை உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் புரோபின் இடைவெளிக்குப் பொருந்துகிறதா.